அம்மா கண்ணுக்கு எட்டுற மீன்

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுறது. அங்க நீ, மாப்பிள்ளை, என் பேத்தி குட்டிப் பிசாசு மூணு பேரும் சளி காய்ச்சல் இல்லாம, சண்டைய மட்டும் அளவா போட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு நெனைக்கிறேன். இங்க நாங்களும் நல்லா இருக்கோம்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், கை ஓடல. அதனால இருக்கோம்னு மட்டும் எழுதுறேன். நான் இருக்கேன், உங்கம்மா இருக்கா, மீனெல்லாம் இருக்கு. போன் இருக்கும்போது கெழவனுக்கு என்ன கடுதாசின்னு மாப்பிள்ளை சிரிப்பாரு, சிரிக்கட்டும். போன்ல நான் விஷயத்தத் தொட்டா நீ மூக்க உறிஞ்ச ஆரம்பிக்கிற, நீ உறிஞ்சா நான் ஒரு ஜோக்க எடுத்து விடுறேன், நீ சிரிச்சிட்டு வச்சிடுற, விஷயம் அப்படியே நிக்குது. கடுதாசில நீ அழுதாலும் எனக்குக் கேக்காது, எழுதி முடிச்சிடலாம். இன்னொண்ணு, இத்தனை வருஷமா கடுதாசி எழுதினது உங்கம்மாதான், நான் பக்கத்துல உக்காந்து கண்டதையும் சொல்லுவேன், அவ பாதிய வெட்டிட்டு மீதிய எழுதுவா. இப்ப வெட்ட ஆளில்ல. நான் அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா சொன்னவன், எழுத்துத் தப்பெல்லாம் நீயே சரி பண்ணிப் படிச்சிக்க.

பேத்திக்கு மீன் தொட்டி வாங்கணும், எந்த மீனோட எந்த மீன விடலாம்னு கேட்டிருந்தே. பட்டியல் சொன்னியே, ஒரு கோல்டு ஃபிஷ், ஒரு ஃபைட்டர், ஒரு சுறா மாதிரி இருக்கிறது, அப்புறம் நீலமா மின்னுற குட்டி மீனுன்னு. அப்படியே என் பேத்திதான்டி அவ, எல்லாரையும் ஒரே வண்டில ஏத்தப் பாக்குறா. நானும் அதத்தான் பண்ணினேன், பண்ணி என்ன ஆச்சுங்கிறதையும் சொல்றேன், முழுசா படிச்சிட்டு அப்புறம் கடைக்குப் போ.

உங்கம்மா பக்கவாதத்துல விழுந்து, ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்த பிறகு முன் ரூம்ல கட்டில் போட்டோம்ல, அது வரைக்கும் உனக்குத் தெரியும், போன்ல காட்டினேன். வலது கை வலது கால் வரல, பேச்சு வரல. எது சொன்னாலும் மேல் கூரையையே பாப்பா. என்னப் பாக்கவே மாட்டா. எனக்கு அதுதான் தாங்கல. கை வராட்டி நான் ஊட்டிவிடுறேன், கால் வராட்டி நான் தூக்குறேன், பேச்சு வராட்டி நான்தான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுறேனே, அது எப்பவும் நடக்குறதுதான். ஆனா நான் பஸ் வேலைக்குக் கெளம்பறப்பல்லாம், சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க கண்டக்டரேன்னு ஒரு பார்வ பாப்பா பாரு, அந்தப் பார்வ வேணும் எனக்கு. ஒரு தடவ போதும். அதுக்காக நான் பண்ணாத கோமாளித்தனம் இல்ல. சட்டைய உள்பக்கம் வெளிய போட்டேன், அவ தையல் டேப்ப கழுத்துல மாட்டிக்கிட்டு தாறுமாறா அளவெடுத்தேன், பழைய டிக்கெட் பைய தோள்ல போட்டுக்கிட்டு கட்டில சுத்திச் சுத்தி உள்ள போ உள்ள போன்னு கத்தினேன். கைகால் பயிற்சி குடுக்க வர்ற பொண்ணு வாசல்ல நின்னு பாத்துட்டு திரும்பிப் போயிடலாமான்னு யோசிச்சிருப்பா. உங்கம்மா கூரையையே பாத்தா.

அந்தப் பொண்ணுதான் சொன்னா, அசையுறது ஏதாவது கண்ணு முன்னாடி இருக்கணும், டிவி வேண்டாம், சத்தத்துக்குக் கண்ண மூடிக்கிறாங்க, மீன் தொட்டி வைங்கன்னு. உடனே அவளோட தையல் மெஷின பின் ரூமுக்குத் தள்ளிட்டு அந்த எடத்துல ஸ்டாண்டு போட்டு தொட்டிய வச்சேன். அவகிட்ட கேக்காம மெஷின நகத்தினது இதான் முதல் தடவ. தொட்டிய தூக்க நம்ம டிரைவர் வந்தாரு, என்கூட அத்தனை வருஷம் வண்டி ஓட்டினாரே அவருதான். வர்றப்பவே இது ஒழுகும்னாரு, வச்ச பிறகு ஸ்டாண்டு ஆடுதுன்னாரு, தண்ணி ஊத்தினதும் மீன் செத்துடும்னாரு. அப்படிப்பட்ட மனுஷன் எப்படி பயமில்லாம பஸ் ஓட்டினாருன்னு இப்பவும் எனக்குப் புரியல. ஆனா ஒண்ணு, கெளம்பும்போது உங்கம்மா கால் பக்கம் நின்னு கும்பிட்டுட்டுத்தான் போனாரு.

வண்ண மீன் கடை வச்சிருக்கிற அம்மா ஒரு சிடுமூஞ்சி. நான் போனதும் அந்த நீலச் செவப்புப் பொடிசுங்க, நியான்னு சொல்றாங்களே, அதுல ஒரு கூட்டமும், ஏஞ்சல் மீனுல ஒரு ஜோடியும் கேட்டேன். ஏஞ்சல் பாக்க எப்படி இருக்கும்னா, உனக்குச் சின்ன வயசுல உங்கம்மா தைச்ச மணி மாதிரி விரியுற கவுன் இருக்கும்ல, அது தானா நடந்து போற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான் ஆசப்பட்டேன். அந்தம்மா ரெண்டையும் சேக்காதீங்கன்னு சொன்னாங்க. ஏம்மா ரெண்டும் இப்ப பொடிசாத்தானே இருக்கு, ஒண்ணா வளந்தா பழகிக்கும்னேன். ஏஞ்சல் வளரும், வளந்தா வாய் பெரிசாகும், வாய்க்குள்ள போறதெல்லாம் அதுக்கு சாப்பாடுதான்னு சொன்னாங்க. நான் யாரு, கண்டக்டர். என் வண்டில ஏறின கூட்டம் எல்லாம் முதல் ஸ்டாப்புல கால மிதிச்சிட்டான் முழங்கையால இடிச்சிட்டான்னு அடிச்சிக்கும், ரெண்டு ஸ்டாப் தாண்டினா ஒருத்தன் தோள்ல ஒருத்தன் தூங்கிட்டுப் போவான். நான் பாக்காத கூட்டமா. அதெல்லாம் அடங்கிடும், போடுங்கம்மான்னு வாங்கிட்டு வந்துட்டேன். எடம் இருக்கேன்னு கப்பின்னு வால் விரிச்ச குட்டி மீனும் கொஞ்சம் சேத்து ஏத்தினேன்.

கொஞ்ச நாளுக்கு என் பேச்சுதான் ஜெயிச்சுது. உங்கம்மா கூரையில இருந்து தலைய எறக்கி தொட்டிப் பக்கம் பாக்க ஆரம்பிச்சா. என்னப் பாக்கல, ஆனா பாக்குறா. நான் டிரைவருக்குப் போன் போட்டு தொட்டி ஒழுகலன்னு பெருமையடிச்சேன். ஏஞ்சலும் நல்லா தளதளன்னு வளந்துச்சு. அப்புறம் ஒரு நாள் மத்தியானம் மருந்து வாங்கப் போயிட்டுத் திரும்பி வரேன், தெருவுலயே சத்தம் கேக்குது. டங்கு டங்குன்னு. உங்கம்மா வராத பேச்ச வச்சிக்கிட்டு தொண்டையில இருந்து ஒரு மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு, இடது கையால கட்டில் கம்பிய அடிச்சிக்கிட்டு இருந்தா. எனக்கு உசுரே போயிடுச்சு. தண்ணி வேணுமான்னு ஸ்பூன்ல குடுத்தேன், துப்பிட்டா. ஈரமாயிடுச்சோன்னு துணி மாத்தினேன், முதுகு வலியோன்னு பொரட்டிப் படுக்க வச்சேன், பொரட்டினதும் இன்னும் பலமா கத்தினா. வலி மாத்திரைய அரைச்சுக் குடுத்தேன். அவ என்ன பண்ணுவா, கடைசில அடிக்கிறத நிறுத்திட்டு கண்ண மூடிக்கிட்டா, ரெண்டு கண்ணுல இருந்தும் தண்ணி வழியுது. நான் துடைச்சிட்டு நிமிந்து பாக்குறேன், தொட்டில நியான் பாதியக் காணோம். ஏஞ்சல் ஒண்ணு வாய மூட முடியாம நிக்குது, வெளிய ஒரு செவப்பு வால் மட்டும் ஆடுது.

புரியுதாடி உனக்கு. அவ என்னக் கூப்பிட்டிருக்கா. ஒண்ணொண்ணா புடிச்சுத் தின்னுறத படுத்தபடியே பாத்துக்கிட்டு, ஓடிவந்து தடுங்கன்னு கூப்பிட்டிருக்கா. நான் துணி மாத்திட்டு இருந்தேன். பொரட்டி வேற படுக்க வச்சேன், தொட்டிக்கு முதுகு காட்டுற மாதிரி. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது, உங்கம்மா உள்ள முழுசா இருக்கா. அறிவு, பதைப்பு, கோபம், ஒண்ணும் குறையல. எல்லாம் இருக்கு, கதவுதான் தொறக்க மாட்டேங்குது. அத நெனச்சு சந்தோஷப்படுறதா, நெஞ்சுல அடிச்சிக்கிறதான்னு தெரியாம ஒரு வாளிய கவுத்துப் போட்டு தொட்டிக்கு முன்னாடி உக்காந்துட்டேன். இதுக்கு முன்னாடி எத்தனை தடவ அவ ஒண்ணு சொல்ல நான் ஒண்ணு பண்ணிட்டு இருந்தேனோ.

ஏஞ்சல் ரெண்டையும் கவர்ல புடிச்சுக்கிட்டு கடைக்குப் போனேன். சிடுமூஞ்சியம்மா திட்டுவாங்கன்னு தலையக் குனிஞ்சிட்டே நின்னேன். திட்டல. தொட்டிய யாரு பாக்குறதுன்னு கேட்டாங்க. சொன்னேன். உக்காந்து பாப்பாங்களா படுத்துப் பாப்பாங்களான்னு கேட்டாங்க. படுத்துத்தான்னேன். கட்டில் எவ்வளவு உயரம், தொட்டி எவ்வளவு உயரம்னு கேட்டுட்டு, அப்ப அவங்களுக்கு மேல ஓடுறது எதுவும் தெரியாது, கீழ்ப் பாதிதான் தெரியும்னாங்க. இத நான் யோசிக்கவே இல்ல பாரு. தொட்டிய எறக்கி வைக்கலாம்னா கட்டில் கம்பி மறைக்குது, அதுவும் ஆகாது. மீனுல மாடி இருக்காம்டி. கப்பி மாதிரி ஆளுங்க மேல் மாடி, தண்ணி மட்டத்துலயே திரியும். நியான் நடு மாடி. தரையிலயே மேயுற ஆளுங்க கீழ். மாடிக்கு ஒரு கூட்டம்னு விட்டா யாரும் யாரையும் இடிக்காது, அளவும் ஒத்துப்போகணும், குணமும் சாதுவா இருக்கணும், ஒரே மாதிரி தண்ணி எல்லாருக்கும் புடிக்கணும், அவ்வளவுதான் பொருத்தம்னாங்க. மாடி பஸ்ஸுன்னு சொல்லியிருந்தா முதல் நாளே எனக்குப் புரிஞ்சிருக்கும்னேன், அப்பத்தான் அந்தம்மா பல்லையே பாத்தேன். அவங்களே கோரின்னு ஒரு மீன் எடுத்துக் குடுத்தாங்க. குட்டியா, குண்டா, ரெண்டு பக்கமும் மீசையோட தரையத் துழாவிக்கிட்டே இருக்கும், அச்சு அசல் நம்ம டிரைவர். அதுங்களும் தனியா இருக்காது, கூட்டமா வேணும். கூர் கல்லு இருந்தா மீசை தேஞ்சிடும், வழவழன்னு பொடி மணல் போடுங்கன்னாங்க. போட்டேன். நியானும் மிச்சம் இருந்ததோட இன்னும் கொஞ்சம் சேத்தேன், குறைச்சலா இருந்தா பயந்து செடிக்குப் பின்னாடியே ஒளிஞ்சிக்குமாம்.

இப்ப பேத்திக்குச் சொல்றேன், எழுதிக்க. கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணி ஆளு, பெரிசா வளரும், தொட்டிய நாறடிக்கும், நியானோட சேக்காத. ஃபைட்டர்ல ஆண் ஒண்ணுதான் வைக்கணும், இன்னொரு ஃபைட்டரோ நீளத் துடுப்பு மீனோ கண்ணுல பட்டா போர்தான். அந்த சுறா மாதிரி இருக்குறதுக்கு தொட்டி பூரா தன் எடம்னு நெனப்பு, தொரத்திக்கிட்டே இருக்கும். வரிவரியா டைகர் பார்ப்னு ஒண்ணு காட்டுவாங்க, அழகா இருக்கும், அடுத்தவன் துடுப்பக் கடிக்கிறதே வேலை, மாப்பிள்ளையோட அக்கா மாதிரி. இத மாப்பிள்ளைக்குப் படிச்சுக் காட்டாத. தண்ணி ஊத்தின அன்னைக்கே மீன விடாத, ஃபில்டர சில வாரம் ஓட விட்டு, கடையில தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லிட்டு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடு. தீனி ஒரு சிட்டிகைக்கு மேல பிசாசு கையில குடுக்காத. எடம் இருக்கேன்னு ஏத்தாத. எடம் இருக்குறது வேற, தாங்குறது வேற.

இனிமே சொல்றதுக்குத்தான்டி இந்தக் கடுதாசி. மீசைக்காரனுங்க வந்த பிறகு உங்கம்மா கண்ணு நல்லா ஓட ஆரம்பிச்சுது. அவனுங்க தரையிலயே துழாவிட்டு இருக்கானுங்களா, திடீர்னு ஒருத்தன் விர்ருனு மேல போய் ஒரு வாய் காத்த முழுங்கிட்டு கல்லு மாதிரி கீழ விழுவான். அதப் பாத்தா அவளுக்குப் புருவம் தூக்கும். நான் மணிக்கணக்கா அவ கண்ணையே பாத்துக்கிட்டு இருந்ததுல ஒண்ணு புடிபட்டுச்சு. மீன் இடது பக்கம் ஓடுற வரைக்கும் கண்ணு கூடவே போகுது, தொட்டிப் பாதிய தாண்டி வலது பக்கம் போனா கண்ணு அங்கேயே நின்னுடுது, காணாம போன மாதிரி. திரும்ப இந்தப் பக்கம் வந்தா திடுக்குன்னு புடிச்சிக்குது. பயிற்சிப் பொண்ணுகிட்ட சொன்னேன். அவ விரல ஆட்டிப் பாத்துட்டு, ஆமாங்கய்யா, வலது பக்கம் நிக்கிறது எதுவும் அவங்களுக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிலயே சொல்லியிருப்பாங்களேன்னா. சொல்லியிருப்பாங்க. பெரிய பேரா சொல்லியிருப்பாங்க, நானும் தலைய ஆட்டியிருப்பேன்.

என் நாற்காலி எங்க கெடந்துச்சு தெரியுமா. வலது பக்கம். வராத கைதானே பாவம்னு அந்தக் கையப் புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கமே உக்காந்திருக்கேன் ஆஸ்பத்திரில இருந்து வந்த நாள் தொட்டு. அந்தக் கைக்கு நான் புடிச்சதும் தெரியாது, அந்தக் கண்ணுக்கு நான் இருந்ததும் தெரியாது. டிக்கெட் பையோட சுத்தினேன்னு சொன்னேன்ல, கோமாளித்தனத்துல பாதி அந்த இருட்டுலயே நடந்திருக்கு. எங்கேயோ ஒரு குரல் மட்டும் கேட்டிருக்கும் அவளுக்கு, ஆள் மட்டும் வரவே இல்லன்னு நெனச்சிருப்பா. எத்தன நாள் அந்தாளு எங்க போனாருன்னு தேடினாளோ, அத நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது.

நாற்காலிய இடது பக்கம் போடலாம்னா அங்க தொட்டி. தொட்டிய மறைச்சு உக்கார மனசு வரல, அவளுக்கு இருக்குறது அது ஒண்ணுதான். அதனால தொட்டிக்குப் பின்னாடி, சுவத்துக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு குட்டி ஸ்டூலப் போட்டு நுழைஞ்சு உக்காந்தேன். நல்லா குனிஞ்சு, மணல் மட்டத்துக்கு மூஞ்சிய எறக்கி, கண்ணாடியோட ஒட்டிக்கிட்டேன். அவ மீசைக்காரனப் பாத்துக்கிட்டு இருந்தா. அவன் நகந்தான். பின்னாடி நான். தண்ணிக்குள்ள என் மூஞ்சி எவ்வளவு பெரிசா தெரிஞ்சிருக்குமோ. கண்ணு என் மேல வந்து நின்னுச்சு, நகரல. நான் மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடினேன். அவ இடது பக்க உதடு லேசா கோணிச்சு பாரு, அந்தப் பார்வ, அதேதான், பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க கண்டக்டரே. தொண்டையில ஒரு சத்தமும் வந்துச்சு. பயிற்சிப் பொண்ணு அது இருமல்ங்கிறா. அவ சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும். நான் சிரிப்புன்னு வச்சிருக்கேன். அப்புறம் நான் அங்கேயே குடி போயிட்டேன். அங்கேயே டீ, அங்கேயே பேப்பர். எழுந்திரிச்சா முட்டி நிமிர மாட்டேங்குது, முதுகு சுவத்துல உரசி ரெண்டு சட்டை கிழிஞ்சுது, தைக்க ஆளில்ல.

ஆனா கண்ணு, உங்கம்மாவுக்கு உடம்பு எறங்கிக்கிட்டே வருது. அந்த வாதம் ரெண்டாவது தடவ லேசா வந்துட்டுப் போச்சு, நீ போன்ல கேட்டப்ப களைப்பா இருக்கான்னு சொன்னேன், டாக்டரும் அப்ப அப்படித்தான் சொன்னாரு. நேத்து வந்து பாத்துட்டு வேற சொல்றாரு. முழுங்குறது போயிடுச்சு, குடுக்குற தண்ணி நெஞ்சுல எறங்குது, சளி கட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் சாப்பாட்டுக்கு மூக்குல குழாய் போடலாம், போட்டாலும் பெரிசா ஒண்ணும் மாறாது, வீட்டுலயே இருக்கட்டும்னாலும் தப்பில்ல, பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லுங்கன்னாரு. வீட்டுலயே இருக்கட்டும்னு சொல்லிட்டேன். ஆஸ்பத்திரில மீன் ஏது. இப்பல்லாம் ரொம்ப நேரம் கண்ண மூடியே இருக்கா. மீசைக்காரன் விர்ருனு மேல போய் எறங்குறப்ப சில சமயம் தொறக்குறா. தொறந்தா நான் பின்னாடி இருக்கணும், அதனால நகராம இருக்கேன். சில சமயம் என்னப் பாக்குறா, சில சமயம் என் வழியா சுவத்தப் பாக்குறா.

பேத்தி ஸ்கூல் லீவுல வரேன்னியே, அது வரைக்கும் தாங்காது. இப்ப வா. லீவு குடுக்கலன்னா அழு, உனக்கு அது நல்லா வரும். மாப்பிள்ளையும் பிசாசும் அப்புறம் வரட்டும், நீ மொதல்ல கெளம்பு. கடுதாசி வந்து சேர நாளாகும், அதனால பக்கத்து வீட்டுப் பையன விட்டு இத போட்டோ புடிச்சு போன்லயும் அனுப்பச் சொல்றேன். படிச்சதும் எனக்குப் போன் பண்ணாத, டிக்கெட்டப் போடு. நீயும் உன் புருஷனும் புள்ளையும் ஒரு குறையும் இல்லாம நீண்ட நாள் நல்லா இருக்கணும், நான் சொல்றது மட்டும் இல்ல, அவளும் வாய் வந்தா அதத்தான் சொல்லுவா, ரெண்டு பேர் ஆசீர்வாதமும் இதுலயே வச்சிக்க.

ஒண்ண மட்டும் மறக்காத. வந்ததும் பதறிட்டு ஓடி வலது பக்கம் போய் கையப் புடிச்சிக்கிட்டு அழாத, நீ வந்ததே அவளுக்குத் தெரியாது. சத்தம் போடாம தொட்டிக்குப் பின்னாடி போ, நான் எழுந்து எடம் விடுறேன். ஸ்டூல்ல உக்காந்து நல்லா குனி, மணலுக்கு நேரா மூஞ்சிய வை. அவ கண்ணத் தொறக்குற வரைக்கும் அப்படியே இரு.

இப்படிக்கு
அப்பா